இரயில் பார்க்க ஒரு வண்டி

வண்டி வாங்குகிறவர்கள் பல வகையினர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல வாங்குவோர் உண்டு. தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வர வாங்குவோர் உண்டு. ஊரார் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே வாங்குவோரும் உண்டு. இரயிலைப் பார்ப்பதற்காக வண்டி வாங்குகிறவர் மிகச் சிலரே. அத்தகையவர் ஒருவர் ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில் வாழ்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவர். இரயிலைப் பார்க்கவும் அதன் பின்னே போகவும் ஏற்ற வண்டி எது என்னும் ஒரே கேள்விக்கு விடை தேடி அவர் நான்கு வண்டிகளை மாற்றினார். ஐந்தாவதில்தான் நிறைவு கண்டார். அந்த ஐந்தாவது வண்டியை அவருக்குத் தேர்ந்து கொடுத்தவர், வண்டி ஓட்டவே அறியாத அவருடைய தந்தையார்.

இரயில் பார்ப்பதை வேலையற்றவர் வேலை என்று எண்ணுவோர் பலர். ஆனால் பிரிட்டனில் அது ஒரு தலைமுறையின் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. 1942ஆம் ஆண்டில் இயன் ஆலன் என்பவர் இரயில் எஞ்சின்களின் எண்களைத் தொகுத்துச் சிறு நூலாக வெளியிட்டார். அதன் பின் ஆயிரக்கணக்கான சிறுவர்கள் குறிப்பேடும் பென்சிலுமாக நிலையங்களில் நின்று எண்களைக் குறித்தார்கள். காரும் மோட்டார் சைக்கிளும் எளிதில் கிடைக்கத் தொடங்கியபின், நின்று பார்ப்பவர்களுள் சிலர் துரத்திப் பார்ப்பவர்களாக மாறினார்கள். ஓரிடத்தில் இரயிலைப் பார்த்ததும் வண்டியில் ஏறி, அதனை முந்திச் சென்று, அடுத்த பாலத்திலோ வளைவிலோ மீண்டும் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

நம் ஆசிரியருக்கு இந்த ஆசை நூலிலிருந்து வந்ததன்று. பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அவருடைய தந்தையார் இரயில்வேயில் ‘கேங்’ வேலை செய்தவர். மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது. அந்தக் காலந்தொட்டே பாதை போடுவதிலும் பாதை காப்பதிலும் தமிழரின் கைகள் உழைத்து வந்திருக்கின்றன. ஜொகூர் மாநிலத்தைக் கடந்து செல்லும் பாதை 1909ஆம் ஆண்டில் நிறைவுற்றது. அந்தப் பாதையோரத்து இரயில்வே வீடு ஒன்றில்தான் ஆசிரியர் வளர்ந்தார். நீராவி எஞ்சின்கள் டீசல் எஞ்சின்களுக்கு இடம் விட்டுக்கொண்டிருந்த காலம் அது. இரவில் வண்டி கடக்கும்போது அடுப்படியில் கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் மெல்ல அதிரும். அந்த அதிர்வு கேளாத இரவில் அவருக்கு உறக்கம் வராதாம்.

அவருடைய முதல் வண்டி சைக்கிள். பள்ளி மாணவராயிருந்தபோது அதனை மிதித்துக்கொண்டு கடவைக் கதவண்டை போய் நிற்பார். சைக்கிளுக்கு ஓசை இல்லை. எண்ணெய்ச் செலவு இல்லை. ஒற்றையடிப் பாதையிலும் செல்லும். ஆனால் ஒரு முறை பார்த்த இரயிலை மறுமுறை பார்க்க அதனால் இயலாது. கண்ணெதிரே வந்த வண்டி கண்காணாமல் போனால் அன்றைய காட்சி முடிந்தது.

ஆசிரியப் பயிற்சி முடிந்து, முதற்சம்பளங்களைச் சேர்த்து அவர் வாங்கியது சிறிய ‘கப்சாய்’ மோட்டார் சைக்கிள். அதுவே தமக்கு மிகுந்த இன்பம் தந்த வண்டி என்று இன்றும் சொல்கிறார். அந்நாளில் தென்பகுதிப் பாதை ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கவேண்டுமானால், ஒன்று நிலையத்தின் பக்கப் பாதையில் ஒதுங்கி நின்றாக வேண்டும். எதிர்வண்டி தாமதமானால் இவ்வண்டியும் காத்துக் கிடக்கும். ஆகவே கால அட்டவணையை நன்கு படித்தவனுக்கு விரைந்த வண்டி தேவையில்லை. எந்த நிலையத்தில் எது எதற்காகக் காத்திருக்கும் என்று தெரிந்தால் கப்சாயே போதும். கணக்காசிரியருக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. தொலைவு, நேரம், வேகம் பற்றிய கணக்குகளை மாணவருக்கு நடத்தும்போதெல்லாம் அவர் இந்த நிலையங்களின் பெயர்களையே கரும்பலகையில் எழுதினார்.

கப்சாய்க்கும் குறை உண்டு. ஜொகூரில் பிற்பகல் மழை சொல்லிக்கொண்டு வராது. மழையில் நனைந்து, மறுநாள் காய்ச்சலோடு வகுப்புக்குச் சென்றது பலமுறை. திருமணமாகிக் குழந்தைகளும் பிறந்தபின் அவர் ஒரு சிறு காருக்கு மாறினார். நெடுஞ்சாலையில் அது நன்றாகவே ஓடியது. ஆனால் இங்குள்ள நிலத்தின் அமைப்பு ஒன்றைக் கருதவேண்டும். சிகாமட்டிலிருந்து லாபிஸ் வரையில் முதலாம் எண் நெடுஞ்சாலை பல இடங்களில் இருப்புப்பாதையை ஒட்டியே செல்லும். லாபிஸைக் கடந்தபின் சாலை யோங் பெங், ஆயர் ஈத்தாம் பக்கம் திரும்பிவிடும்; இருப்புப்பாதையோ பெக்கோக், பாலோ, குளுவாங் என்று வேறு வழியே போய்விடும். அதன் பின்னும் இரயிலைக் காண விரும்புகிறவன் செம்பனைத் தோட்டங்களின் செம்மண் பாதைகளில் இறங்கவேண்டும். மழை பெய்து லாரிகள் உழுதுவிட்ட அந்தப் பாதைகளில் தாழ்ந்த கார் அடிவயிறு உரசி நின்றுவிடும். இரண்டு முறை தோட்டத்து டிராக்டர் வந்துதான் இவரை இழுத்துவிட்டது.

அதனால் 2009ஆம் ஆண்டில், பழைய விலைக்கு, நான்கு சக்கரங்களும் உந்தும் பெரிய டீசல் வண்டி ஒன்றை வாங்கினார். உயரமான வண்டி, சேறும் பள்ளமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. அதில் அமர்ந்ததும் தமக்குப் பத்து வயது குறைந்ததுபோல் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார். கால அட்டவணையைப் புரட்டும் பழக்கம் குறைந்தது. முன்கூட்டிச் சென்று காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமற்போனது. பின்னாலிருந்து பிடித்துவிடலாம் என்னும் துணிவு வந்துவிட்டது.

தாயார் மறைந்தபின் தந்தையார் இவரோடுதான் இருந்தார். எழுபத்தைந்தைக் கடந்தவர், முழங்கால்கள் வலுவிழந்தவை, கண்ணில் புரை. அந்தப் பெரிய வண்டியில் அவர் ஏறுவதற்கு வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுபோக வேண்டியிருந்தது. இருந்தும் மகன் அழைத்தபோதெல்லாம் மறுக்காமல் வந்தார்.

ஒருநாள் பிற்பகல் லாபிஸுக்கு வடக்கே சரக்கு வண்டி ஒன்று சாலைக்கு இணையாக வந்துகொண்டிருந்தது. ஆசிரியர் அதனோடு சேர்ந்து ஓட்டினார். எஞ்சினின் எண்ணைப் படித்துவிடவேண்டும் என்னும் ஆவலில் கண் சாலையில் பாதி, தண்டவாளத்தில் பாதி. அப்போது தோட்டத்துப் பாதையிலிருந்து பள்ளிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன் சைக்கிளில் வெளிப்பட்டான். ஆசிரியர் பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. சிறுவன் தடுமாறிப் புல்லில் விழுந்தான். வண்டி அவன்மீது படவில்லை. முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. புத்தகப்பை திறந்து புத்தகங்கள் சாலையில் சிதறிக் கிடந்தன. அவற்றுள் நான்காம் ஆண்டுக் கணக்குப் பயிற்றியும் ஒன்று. அதனைக் குனிந்து எடுத்தபோது ஆசிரியரின் கை நடுங்கியது. அந்தப் பயிற்றியை எத்தனை ஆண்டுகள் எத்தனை பிள்ளைகளுக்கு அவர் நடத்தியிருப்பார்! சரக்கு வண்டி தன் வழியே போய் மறைந்தது. அதன் எண்ணை அவர் படிக்கவில்லை.

சிறுவனை அவன் வீட்டில் கொண்டுபோய் விட்டு, பெற்றோரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்பும் கேட்டுத் திரும்பினார்கள். வழியில் தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றபின்தான் வாய் திறந்தார்.

“தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் லைனில் வேலை செய்தேன். ஒருநாளும் வண்டியைத் துரத்தியதில்லை. வண்டி வருகிறது என்று மேஸ்திரி குரல் கொடுத்தால், கருவிகளை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்போம். ஒதுங்கி நின்றவன்தான் வண்டியை முழுசாகப் பார்த்தவன்.”

“தப்புத்தான் அப்பா,” என்றார் மகன்.

“தப்பென்று சொல்லிவிட்டு இதையே வைத்திருந்தால் என்ன பயன்? இந்த வண்டி உன்னை ஒதுங்கி நிற்க விடாது.”

அன்றிரவு ஆசிரியர் உறங்கவில்லை. மாணவருக்கு அறிவியல் சொன்னவர் அவர். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது ஓடுவதால் உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் பல நூறு டன் எடையை இழுத்துச் செல்ல முடிகிறது. அதனால்தான் ஓடும் இரயில் நினைத்த இடத்தில் நிற்கவும் முடியாது. ஆகவே இரயிலுக்கு முன் சாலைதான் பணியவேண்டும் என்று கடவை விதிகளை விளக்கும்போது எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொன்னவரே மறந்துபோனார். மறுவாரமே அந்தப் பெரிய வண்டி விற்கப்பட்டது.

ஐந்தாவது வண்டியைத் தேடிப் போனபோது தந்தையாரும் உடன் சென்றார். பழைய கார் விற்கும் இடத்தில் மகன் எஞ்சினின் திறனையும் ஓடிய தொலைவையும் விசாரித்துக்கொண்டிருக்க, கிழவர் ஒவ்வொரு வண்டியாக ஏறி இறங்கிப் பார்த்தார். அவர் கேட்டவை நான்கே. முதலாவது, குனியாமலும் தாவாமலும் உட்காரக்கூடிய இருக்கை. இரண்டாவது, முழுவதும் கீழே இறங்கும் கண்ணாடி. மூன்றாவது, குறுகிய பாதையில் ஒரே வளைப்பில் திரும்பும் உடல். நான்காவது, நிறுத்தியதும் அடங்கிவிடும் எஞ்சின். இந்த நான்கிலும் வேகம் என்பது இல்லை. முடிவில் அவர் கைகாட்டியது பெரோடுவா கெனாரி. 2000ஆம் ஆண்டில் மலேசியாவில் அறிமுகமான அந்தக் கார் பெட்டிபோல் உயர்ந்த கூரையுடையது; எஞ்சினோ ஆயிரம் சிசிக்கும் சற்றுக் குறைவு. “இதை வைத்துக்கொண்டு எந்த இரயிலைத் துரத்துவது?” என்று விற்பவர் சிரித்தாராம். “துரத்தப்போவதில்லை, முன்னால் போய் நிற்கப்போகிறோம்,” என்றார் கிழவர்.

அதன் பின் ஆசிரியர் மீண்டும் கால அட்டவணையைக் கையில் எடுத்தார். இரயில் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே இடம் சேர்ந்துவிடுவார்கள். பாதைக்கு வேலி போட்டதுபோல் எட்டவே நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். குடுவையில் தேநீர் இருக்கும். அந்த அரைமணி நேரத்தில்தான் தந்தையார் வாய் திறந்து பழங்கதை சொல்வார். சிலிப்பர் கட்டைகளுக்கு அடியில் ஜல்லியை இடித்து இறுக்கிய கதை. லாலாங் புல்லை அறுத்த கதை. மழை நாளில் கரை சரிந்து, விடியுமட்டும் விளக்கோடு காவல் நின்ற கதை. மகன் ஐம்பது வயதுவரை கேட்டிராத கதைகள் அவை. பெரிய வண்டியின் இரைச்சலில் அவற்றுக்கு இடமில்லாமல் இருந்தது.

இன்னொன்றும் மகனுக்கு அப்போதுதான் விளங்கியது. புரை மூடிய கண்களோடு தந்தையார் எதைப் பார்க்க வருகிறார் என்று அவர் முன்பு எண்ணிப் பார்த்ததில்லை. கிழவர் காதால் பார்த்தார். பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளின் இடையே சிறு இடைவெளி விடுவார்கள். வெயிலில் இரும்பு விரிவதற்கு இடம் வேண்டும் அல்லவா? இரு பக்கமும் தகடு வைத்து மறையாணிகளால் முடுக்குவார்கள். சக்கரம் அந்த இணைப்பைக் கடக்கும்போது எழும் ‘தடக், தடக்’ ஓசையை எண்ணி, பெட்டிகள் எத்தனை என்று சொல்லிவிடுவார். ஓர் இணைப்பில் ஓசை மாறினால், “அங்கே ஜல்லி இறங்கியிருக்கிறது, கட்டை ஆடுகிறது,” என்பார். முப்பது ஆண்டுகள் அந்த ஓசையைச் சரியாக வைத்திருப்பதுதானே அவர் தொழிலாக இருந்தது? முழுவதும் இறங்கும் கண்ணாடியும் உடனே அடங்கும் எஞ்சினும் அவர் ஏன் கேட்டார் என்பது மகனுக்கு அப்போது தெளிவாயிற்று.

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் மலேசிய, சிங்கப்பூர் அரசுகள் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தஞ்சோங் பகார் நிலையத்துக்கு இரயில் போவது 2011 ஜூன் 30ஆம் நாளோடு நிற்கும் என்று முடிவாயிற்று. 1932ஆம் ஆண்டு முதல் இயங்கிய நிலையம் அது. தந்தையார் இளமையில், மணமாவதற்கு முன், புக்கிட் தீமாப் பகுதியில் சில ஆண்டுகள் கேங் வேலை பார்த்தவர். “ஒருமுறை கேட்டுவிட்டு வந்துவிடலாம்,” என்றார். பார்த்துவிட்டு என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 25, சனிக்கிழமை. விடியுமுன் கெனாரி புறப்பட்டது. புக்கிட் தீமா நிலையத்தருகே மக்கள் பெருங்கூட்டமாய்த் திரண்டிருந்தார்கள். காரை வெகு தொலைவில் நிறுத்திவிட்டு, மகனின் தோளைப் பற்றிக்கொண்டு கிழவர் நடந்தார். அங்கே வண்டி எதுவும் உதவாது, கால்கள்தாம் வண்டி. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிர்ப்படாமல் காக்கும் பழைய முறை ஒன்று அந்த நிலையத்தில் இறுதிவரை வழக்கிலிருந்தது. உரிய வில்லையை வளையத்தில் மாட்டி நிலையத்தார் ஓட்டுநரிடம் கொடுப்பார். அது கையில் இல்லாமல் வண்டி அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது. அன்று வளையம் கை மாறியபோது கூட்டம் ஆரவாரம் செய்தது. கிழவர் மட்டும் தலையைச் சாய்த்து, வண்டி இரும்புப் பாலத்தில் ஏறும் ஓசைக்காகக் காத்திருந்தார். அது வந்தது, கடந்தது. “சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். ஐந்து நாள் கழித்து, தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் தாமே ஓட்டிச் சென்றார். பின்னர்த் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. அந்த 24 கிலோமீட்டர்ப் பாதை இன்று மக்கள் நடக்கும் பசும்பாதை. இரும்புப் பாலமும் புக்கிட் தீமா நிலையக் கட்டடமும் காக்கப்பட்டு நிற்கின்றன.

தந்தையார் 2017ஆம் ஆண்டில் மறைந்தார். ஜொகூரின் ஒற்றைப் பாதையும் நிலைக்கவில்லை. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை இரட்டைப் பாதை அமைந்தது. 25,000 வோல்ட் மின்கம்பி மேலே ஓடுகிறது. இரு மருங்கும் வேலி. கடவைக் கதவுகளுக்குப் பதில் மேம்பாலங்கள். 2025ஆம் ஆண்டில் மின்தொடர்வண்டி சிகாமட், குளுவாங் வழியாக ஜொகூர் பாருவை எட்டியது. அதன் உச்ச வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலையில் காருக்கு விதிக்கப்பட்டுள்ள எல்லையோ 90. தண்டவாளங்களைப் பற்றவைத்து இணைத்துவிட்டதால் ‘தடக், தடக்’ ஓசையும் இல்லை. பயணிகளுக்கு இவை யாவும் நன்மையே. பாதை காப்பவரின் உழைப்பும் குறைந்திருக்கிறது. கிழவர் இருந்திருந்தால் இதற்காக மகிழ்ந்திருப்பார் என்றே மகன் சொல்கிறார்.

அண்மையில் பேரன் ஒருவன் அவரிடம் கேட்டான்: “தாத்தா, இந்த இரயிலைத் துரத்த எந்தக் கார் வேண்டும்?” இடைநிலைப்பள்ளி மாணவன்; வேகமான கார்களின் பெயர்களெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆசிரியர் விடை சொல்லவில்லை. அவனையும் ஏற்றிக்கொண்டு பழைய கெனாரியில் புறப்பட்டார். மேம்பாலத்துக்கு இப்பாலேயே வண்டியை நிறுத்தி, இருவரும் நடந்து சென்று, பாதைக்கு எட்ட ஒரு மரத்தடியில் நின்றார்கள். இரயில் வர இருபது நிமிடம் இருந்தது. அந்த இருபது நிமிடத்தில் பேரனுக்கு ஜல்லி இடித்த கதையும், விளக்கோடு காவல் நின்ற கதையும், சாலையில் சிதறிய கணக்குப் பயிற்றியின் கதையும் கிடைத்தன. கடைசிக் கதையையும் அவர் மறைக்காமல்தான் சொன்னார். இரயில் வந்தது, சில நொடிகளில் போயிற்று.

“இன்னொரு முறை பார்க்கலாமா, தாத்தா?” என்றான் பேரன்.

“பார்க்கலாம். அடுத்தது எப்போது என்று அட்டவணையைப் பார்,” என்றார் அவர்.

இரயிலைக் காண ஏற்ற வண்டி எது என்று கேட்பவருக்கு அவர் இன்று தரும் விடை சுருக்கமானது: முன்கூட்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, உடன் வருபவர் எளிதாய் ஏறி இறங்கக்கூடியது, நிறுத்தியபின் தான் இருப்பதையே மறக்கச் செய்வது. மாணவருக்கு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கும் இந்த விடை பொருந்தும். வகுப்பு தொடங்குமுன் வந்து சேர்ந்து, பிள்ளைகள் தம் வேகத்தில் தம் பாதையில் கடந்து செல்வதை ஒதுங்கி நின்று முழுமையாகக் காண்பதற்கும் அத்தகைய பொறுமையே வேண்டியிருக்கிறது.